நிலாக் கல்லும் கடவூர்க் கல்லும்

இந்தப் பதிவு ஒரு திருத்தம். 1984-ஆம் ஆண்டு வகுப்பறையில் நான் சொன்ன தவறான பதில் ஒன்றை, ஓய்வுபெற்றுப் பல வருடம் கழித்து நானே சிவப்பு மையால் அடித்துத் திருத்துகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும். நிலா, கல், நம் கடவூர் மலை எல்லாம் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை சாயங்காலம். வடமதுரையில் நான் வழக்கமாக உட்காரும் டீக்கடையில் அன்று நிற்கக்கூட இடமில்லை. எல்லோர் கண்ணும் டிவியில். 6:04 மணிக்கு சந்திரயான்-3-இன் விக்ரம் நிலாவில் இறங்கியது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. கடைக்காரர் அன்று வடைக்குக் காசு வாங்கவில்லை. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். தெற்கே கொஞ்சம் சாய்ந்தாற்போல் பாதி நிலா.

பக்கத்தில் நரைத்த மீசையோடு ஒருவர் வந்து நின்றார்.

"சார், என்னையத் தெரியுதா? எம்பத்தி நாலுல ஒம்போதாம் வகுப்பு, பி செக்‌ஷன்."

பெயர் சொன்னதும் தெரிந்துவிட்டது. திருச்சி ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறாராம். பேரன் பேத்தி எடுத்தாயிற்று. பேச்சு தானாகவே நிலாவுக்குப் போனது.

"நிலா பசிபிக் கடல் இருக்குற எடத்துல இருந்து பிஞ்சு போனதுன்னு நீங்க நடத்துனீங்கள்ல சார், இன்னைக்கும் மறக்கல. என் மகளுக்கும் அதையேதான் சொல்லிக் குடுத்தேன். இப்பப் பேத்தி கேக்குறா. அவளுக்கும் அதான்."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் டீ தொண்டையில் இறங்கவில்லை. ஒரு தப்பை மூன்று தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். 1984 ஏப்ரலில் ராகேஷ் சர்மா விண்வெளிக்குப் போனார். ஊரெல்லாம் அதே பேச்சு. நான் பாடத்தை நிறுத்திவிட்டு வானத்தைப் பற்றிப் பேசினேன். அந்தப் பையன் எழுந்து, "நிலா எங்கேருந்து சார் வந்துச்சு?" என்று கேட்டான். கல்லூரியில் படிக்கும்போது ஒரு பழைய புத்தகத்தில் பார்த்ததை அப்படியே சொன்னேன். பூமி உருகிய நிலையில் வேகமாகச் சுழன்றபோது ஒரு பகுதி பிய்த்துக்கொண்டு போய் நிலா ஆனது, அந்தப் பள்ளம்தான் பசிபிக் கடல் என்று. கரும்பலகையில் படம்கூடப் போட்டேன்.

அவன் உட்காரவில்லை. "அப்ப நிலாக் கல்லும் நம்ம ஊர்க் கல்லும் ஒண்ணா சார்?" என்று அடுத்ததைக் கேட்டான். "பரீட்சைக்கு வராததைக் கேட்டு நேரத்தை வீணாக்காதே, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அவருக்கு அந்த இரண்டாவது கேள்வி நினைவில்லை. எனக்கு இருக்கிறது. காரணம், அன்று எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. நிலாவைப் பற்றி ஒரு மாணவன் கேட்கக்கூடிய கேள்விகளிலேயே அதுதான் சரியான கேள்வி என்பது பின்னாளில்தான் புரிந்தது. அன்று சாயங்காலத்திலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். படித்ததை இங்கே வைக்கிறேன்.

கல்லுக்கா பஞ்சம்?

1969 ஜூலை 21, திங்கட்கிழமை. நம் நேரப்படி காலை எட்டரை மணி வாக்கில் ஆம்ஸ்ட்ராங் நிலாவில் கால் வைத்தார். நான் எட்டாம் வகுப்பு. பஞ்சாயத்து ரேடியோவைச் சுற்றிக் கூட்டம். அன்று ராத்திரியும் வானத்தில் பாதி நிலாதான். என் அப்பத்தா வாசலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே, "போனவுக என்னத்தக் கொண்டாராக?" என்று கேட்டார். கல் என்று சொன்னேன். "கல்லுக்கா இங்க பஞ்சம்? அதப் பொறுக்கவா அம்புட்டுத் தூரம் போனாக?" என்றார்.

அப்பத்தா சொன்னதில் நியாயம் உண்டு. நம் பக்கத்துக் காடுகளில் ஏர் பூட்டினால் கல்தான் முதலில் மேலே வரும். ஆனால் அந்தப் பயணத்தில் கொண்டுவந்ததிலேயே மதிப்பானது கொடியும் இல்லை, போட்டோவும் இல்லை, அந்தக் கல்தான். அப்போலோ 11 கொண்டுவந்தது ஏறக்குறைய 21.5 கிலோ. 1972 வரை ஆறு பயணங்களிலும் சேர்த்து 382 கிலோ.

பூமியின் பிறப்புக் கதையைப் பூமியில் தேட முடியாது என்பதுதான் இதில் விஷயம். மழை, காற்று, எரிமலை, நகரும் நிலத்தட்டுகள் எல்லாம் சேர்ந்து பூமியின் முதல் ஐம்பது கோடி ஆண்டுப் பாறைகளை ஏறக்குறைய முழுதாக அழித்துவிட்டன. நிலாவில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. பழைய பத்திரங்கள் அங்கே பெட்டியில் வைத்தபடி இருக்கின்றன. பூமியின் மூலப் பத்திரம் தொலைந்த பிறகு, பக்கத்து நிலத்துப் பத்திரத்தைப் பார்த்து எல்லையைக் கண்டுபிடிப்பது போலத்தான் இது.

ஊதுபத்திக் கணக்கு

அந்தப் பத்திரம் எழுதப்பட்டிருக்கும் மொழிதான் ஐசோடோப்பு. ஒரே தனிமத்தின் அணுக்களிலேயே கொஞ்சம் எடை கூடியதும் குறைந்ததும் உண்டு. குணம் ஒன்று, எடை வேறு. சில நிலையாக இருக்கும். சில மெதுவாகச் சிதைந்து வேறு தனிமமாக மாறும்.

ருபீடியம்-87 அப்படிச் சிதைந்து ஸ்ட்ரான்ஷியம்-87 ஆகிறது. அதில் பாதி மாற ஏறக்குறைய 4,900 கோடி ஆண்டுகள் ஆகும். அவ்வளவு நிதானம். ஊதுபத்தியைப் பற்றவைத்துவிட்டு வெளியே போய்விட்டீர்கள் என்று வையுங்கள். திரும்பி வந்தால் மிச்சக் குச்சியும் விழுந்த சாம்பலும் இருக்கும். எரியும் வேகம் தெரிந்தால் எப்போது பற்றவைத்தது என்று சொல்லிவிடலாம். ருபீடியம் குச்சி, ஸ்ட்ரான்ஷியம் சாம்பல்.

தட்டில் நேற்றைய சாம்பலும் கிடந்தால் என்ன செய்வது? அங்கேதான் கெட்டிக்காரத்தனம். ஒரே கல்லுக்குள் பல தாதுக்கள் இருக்கும். சிலவற்றில் ருபீடியம் அதிகம், சிலவற்றில் குறைவு. பல தட்டுகளில் ஒரே நேரத்தில் பற்றவைத்தது போல. பழைய சாம்பல் எல்லாத் தட்டிலும் ஒரே விகிதம். குச்சி எங்கே அதிகமோ அங்கே புதுச் சாம்பலும் அதிகம். எல்லாவற்றையும் வரைபடத்தில் குறித்தால் நேர்கோடு வரும். கோட்டின் சாய்வு கல்லின் வயதைச் சொல்லும். ருபீடியமே இல்லாத இடத்தில் கோடு எங்கே தொடுகிறதோ, அது பழைய சாம்பலின் அளவைச் சொல்லும்.

1970 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் நிலாக் கல் ஆராய்ச்சியாளர்கள் முதல்முறையாகக் கூடி முடிவுகளைச் சொன்னார்கள். அந்த மாதம் 30-ஆம் தேதி வந்த 'சயன்ஸ்' இதழ் முழுக்க நிலாதான். அதில் ருபீடியம்–ஸ்ட்ரான்ஷியம், யுரேனியம்–தோரியம்–ஈயம் முறைகளில் நிலாப் பொருளுக்கு வயது கணித்த ஒரு கட்டுரை. ஜார்ஜ் வெதரில் என்பவரின் குழு. எழுதியவர்கள் நால்வரில் முதல் பெயர் கே. கோபாலன். முழுப்பெயர் குஞ்சிதபாதம் கோபாலன். தில்லை நடராஜரின் தூக்கிய திருவடிக்குத்தான் குஞ்சிதபாதம் என்று பெயர் என்பது நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர் நிலாக் கல்லின் முதல் வயதுக் கணக்கிலேயே இருக்கிறது. பின்னர் அவர் இந்தியா திரும்பி அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகத்திலும், ஹைதராபாத் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் பணியாற்றினார். 1982-இல் பட்நாகர் விருது பெற்றார். இவரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார்.

அதே காலத்தில் கலிஃபோர்னியாவில் ஜெரால்ட் வாஸர்பர்க் என்பவர் நிலாக் கல்லுக்கென்றே ஒரு ஆய்வகம் வைத்திருந்தார். வேடிக்கையாக அதற்கு 'பைத்தியக்கார ஆஸ்பத்திரி' என்று பெயர். பைத்தியத்துக்கான ஆங்கிலச் சொல்லே நிலாவிலிருந்து வந்ததுதானே. பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் தேவேந்திர லால் குழுவினரும் நிலா மாதிரிகளை வாங்கி ஆராய்ந்தார்கள். காஸ்மிக் கதிர்கள் தாதுக்களில் கீறிவிட்டுப் போன தடங்களை எண்ணியவர்கள் அவர்கள்.

முடிவுகள் வந்தன. அப்போலோ 11 இறங்கிய கருப்புச் சமவெளியின் எரிமலைப் பாறைகளுக்கு வயது 360 கோடி ஆண்டுகளுக்கு மேல். என் பசிபிக் கதை இந்த இடத்திலேயே விழுந்துவிடுகிறது. பசிபிக் கடலடித் தரையில் எந்த இடமும் 20 கோடி ஆண்டுகளைத் தாண்டாது. மகன் பிறப்பதற்கு முன்பே பேரன் பிறந்த கதை. நான் படம் போட்டு நடத்தியபோது இந்தக் கணக்கு வெளிவந்து பதினான்கு வருடம் ஆகியிருந்தது.

பழைய சாம்பல் இன்னொன்றையும் சொன்னது. நிலாக் கற்கள் பிறந்தபோது அவற்றில் இருந்த ஸ்ட்ரான்ஷியம்-87 மிகக் குறைவு. ஆதிகால விண்கற்களில் இருப்பதற்கு மிகப் பக்கம். அப்படியென்றால் நிலா உண்டான பொருளில் ஆரம்பத்திலிருந்தே ருபீடியம் அதிகம் இருந்ததில்லை. ருபீடியம் சூடு பட்டால் ஆவியாகிப் போகிற சரக்கு. நிலா ஒரு காலத்தில் கடுமையாகக் கொதித்திருக்கிறது என்பதற்கு முதல் தடயங்களில் இதுவும் ஒன்று.

வெள்ளைத் துணுக்கு

அப்போலோ 11 மண்ணில் கருப்புத் துகள்களுக்கு நடுவே கொஞ்சம் வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. ஜான் வுட் என்ற அறிஞரும் கூட இருந்தவர்களும் அவற்றை விடவில்லை. அந்த வெள்ளைத் துணுக்கு அனார்த்தோசைட் என்ற பாறை. ஏறக்குறைய முழுதும் ஒரே வகை ஃபெல்ஸ்பார் தாது. பக்கத்து மேட்டு நிலத்திலிருந்து தெறித்து வந்து விழுந்தது.

நிலாவில் பாட்டி வடை சுடுகிறாள் என்று நாம் காட்டும் கருப்பெல்லாம் எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த சமவெளி. மீதி வெளுப்பெல்லாம் இந்த அனார்த்தோசைட். நிலா முழுக்க இந்த வெள்ளைப் பாறை எப்படிப் போர்த்தியது? ஜான் வுட் சொன்ன பதில், நிலா ஒரு காலத்தில் பாறைக் குழம்புக் கடலாக இருந்தது என்பது. காய்ச்சிய பால் ஆறும்போது ஆடை மேலே படிவது போல, எடை குறைந்த ஃபெல்ஸ்பார் மிதந்து மேலே வந்தது. கனமான தாதுக்கள் அடியில் தங்கின.

1971 ஆகஸ்ட் 1-ஆம் தேதி அப்போலோ 15-இல் போன ஸ்காட்டும் இர்வினும் 269 கிராம் எடையில் ஒரு வெள்ளை அனார்த்தோசைட் கல்லை எடுத்தார்கள். அதற்குப் பத்திரிகைகள் 'ஆதியாகமக் கல்' என்று பெயர் வைத்தன. பின்னாளில் அப்போலோ 16-இன் ஒரு வெள்ளைக் கல்லை மூன்று விதமான ஐசோடோப்பு முறைகளில் சோதித்து, அதன் வயது 436 கோடி ஆண்டுகள் என்று 2011-இல் சொன்னார்கள். சூரியக் குடும்பத்தின் வயதே ஏறக்குறைய 457 கோடிதான்.

நம் ஊர்க் கல்லும் ஒன்றா?

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன். இதற்குப் பதில் ஆக்ஸிஜனில் இருக்கிறது.

பாறையில் எடைக்குப் பாதி அளவு ஆக்ஸிஜன்தான். அதில் மூன்று வகை: 16, 17, 18. நூற்றுக்கு 99.76 பங்கு முதல் வகை. மற்ற இரண்டும் சொற்பம். திண்டுக்கல் பிரியாணியை வைத்துச் சொல்கிறேன். எல்லாக் கடையிலும் சீரகச் சம்பாவும் கறியும் மசாலாவும்தான். ஆனால் சாப்பிட்டுப் பழகியவர்கள் ஒரு வாயில் எந்தக் கடை என்று சொல்லிவிடுவார்கள். சாமான் ஒன்று, அளவு வேறு. கோள்களும் அப்படித்தான். செவ்வாயிலிருந்து வந்து விழுந்த விண்கற்களில் இந்த மூன்று ஆக்ஸிஜனின் கலவை நம் கலவையோடு ஒத்துப்போகாது. வித்தியாசம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆனாலும் கருவிக்குத் தெரிந்துவிடும். பூமியில் எதை எடுத்தாலும், கடல் தண்ணீரோ கடவூர் மலைக் கல்லோ, எல்லாம் ஒரே கோட்டில் வந்து உட்காரும்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கிளேட்டன் இந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தார். 1969 பிப்ரவரியில் மெக்ஸிகோவில் விழுந்த அயெந்தே விண்கல்லை ஆராய்ந்து, வெளியூர்ப் பொருளுக்கு வெளியூர்க் கலவை உண்டு என்று 1973-இல் காட்டியவர் அவர். அதே அளவுகோலை நிலாக் கல்லுக்கு வைத்தபோது, அது செவ்வாயைப் போலத் தனிக் கோட்டில் போகவில்லை. பூமியின் கோட்டிலேயே வந்து உட்கார்ந்தது. 2001-இல் லேசர் கருவி கொண்டு இன்னும் நுணுக்கமாகப் பார்த்தார்கள். மாறவில்லை. 2012-இல் டைட்டானியம் ஐசோடோப்புகளை அளந்தார்கள். பத்து லட்சத்தில் நான்கு பங்கு அளவுக்குள் பூமியும் நிலாவும் ஒன்று.

ஆக, தம்பி, நீ கேட்டது சரி. நிலாக் கல்லும் நம்ம ஊர்க் கல்லும் ஒரே அடுப்பில் வெந்தவைதான்.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. நிலாவில் ருபீடியம் மட்டுமல்ல, பொட்டாசியம், துத்தநாகம் எல்லாமே குறைவு. இருக்கும் துத்தநாகத்தில் எடை கூடிய ஐசோடோப்பு நம் ஊரைவிட அதிகம் என்று 2012-இலும், பொட்டாசியத்தில் அதே கதை என்று 2016-இலும் கண்டார்கள். ஒன்று கொதிக்கும்போது எடை குறைந்த அணு முதலில் ஆவியாகும், கனமானது தங்கும். நிலாவின் சரக்கு கொதித்து வற்றியிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

ஹவாயில் நடந்த பஞ்சாயத்து

நிலா எப்படி வந்தது என்பதற்குப் பழைய கதைகள் மூன்று. பூமியிலிருந்து பிய்ந்தது என்று 1879-இல் சொன்னவர் ஜார்ஜ் டார்வின், பரிணாமம் சொன்ன சார்லஸ் டார்வினின் மகன். பள்ளம் பசிபிக் என்று 1882-இல் சேர்த்தவர் ஆஸ்மண்ட் ஃபிஷர். இந்தக் கதையில் நிலா பூமிக்கு மகள். இரண்டாவது கதையில் நிலா எங்கோ பிறந்து, வழியில் போகும்போது பூமியின் ஈர்ப்பில் மாட்டிக்கொண்டது. வெளியூரிலிருந்து வந்த மருமகள். மூன்றாவதில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் சேர்ந்தே உருவாயின. தங்கை.

மருமகள் என்றால் ஆக்ஸிஜன் ஒத்துப்போகாது. தங்கை என்றால் நிலாவுக்குள் பூமிக்கு இருப்பது போல் பெரிய இரும்புக் கரு இருக்க வேண்டும். நிலாவின் கரு மிகச் சிறியது. மகள் என்றால் பூமி நம்ப முடியாத வேகத்தில் சுழன்றிருக்க வேண்டும்.

1975-இல் ஹார்ட்மனும் டேவிஸும், அடுத்த வருடம் கேமரனும் வார்டும் நான்காவதாக ஒன்றைச் சொன்னார்கள். இளம் பூமியின் மேல் இன்னொரு பெரிய கோள் வந்து மோதியது. செவ்வாய் அளவு இருக்கலாம். இரும்பெல்லாம் பூமிக்குள் இறங்கிவிட, மேல் பாறை உருகி, ஆவியாகி, தெறித்துப் பூமியைச் சுற்றி வளையமாகி, அது சேர்ந்து நிலா ஆனது. கொதித்ததற்கும் காரணம் கிடைத்தது, இரும்பு இல்லாததற்கும் காரணம் கிடைத்தது. முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1984 அக்டோபரில் ஹவாய்த் தீவின் கோனாவில் இதற்காகவே ஒரு கூட்டம் போட்டார்கள். பழைய மூன்றும் தோற்று, மோதல் கதை ஜெயித்தது அங்கேதான்.

தேதியைப் பாருங்கள். 1984 அக்டோபர். நான் வகுப்பில் பசிபிக் படம் போட்டு ஆறு மாதம். கூட்டம் நடந்த இடத்தைப் பாருங்கள். பசிபிக் கடலின் நட்டநடுவே.

மோதிய கோளுக்கு 2000-இல் தீயா என்று பெயர் வைத்தார்கள், கிரேக்கக் கதையில் நிலாவைப் பெற்ற தாய். ஆனால் அவளால் ஒரு சிக்கல். கணினியில் மோதலை ஓட்டிப் பார்த்தால், நிலாவின் பெரும்பகுதி தீயாவிலிருந்து வர வேண்டும் என்று வந்தது. அப்படியானால் நிலாவின் ஆக்ஸிஜன் தீயாவின் கலவையில் அல்லவா இருக்க வேண்டும்? ஏன் பூமியைப் போலவே இருக்கிறது? 2014-இல் ஒரு ஜெர்மன் குழு பத்து லட்சத்தில் 12 பங்கு வித்தியாசம் இருக்கிறது என்றது. 2016-இல் கலிஃபோர்னியாக் குழு ஒன்று அப்படி ஒன்றும் தெரியவில்லை என்றது. தீயாவும் பூமியும் ஒரே பகுதியில் உருவான பங்காளிகள், அதனால் ஆரம்பத்திலேயே கலவை ஒன்று என்பது ஒரு கட்சி. மோதிய வேகத்தில் இரண்டும் ஆவியாகி ஒன்றோடொன்று முழுதாகக் கலந்துவிட்டன என்பது இன்னொரு கட்சி. வழக்கு இன்னும் முடியவில்லை.

வடக்கே ஒரு மலை

வடமதுரையிலிருந்து வடக்கே அய்யலூரைத் தாண்டினால் கடவூர் மலை. சுற்றி மலை, நடுவில் ஊர்களும் காடும். 2022-இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் தேவாங்குக்கென்று அறிவித்த சரணாலயம் இந்த மலைகளில்தான். செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் நிலாவின் வட்டப் பள்ளம் போலவே தெரியும். ஆனால் விண்கல் விழுந்த பள்ளம் இல்லை. சுற்றியுள்ள மலை குவார்ட்சைட் பாறை. நடுவில் பூமிக்குள்ளிருந்து ஏறி உறைந்த கப்ரோவும், கூடவே, ஆமாம், அனார்த்தோசைட்டும்.

நிலாவின் வெளுப்பு எந்தப் பாறையோ அந்த இனத்துப் பாறை, என் வீட்டிலிருந்து பைக்கில் போகும் தூரத்தில் கிடக்கிறது. இத்தனை வருடம் ஆசிரியராக இருந்தவனுக்கு இது தெரியாது. ஆனால் 1956-இலேயே, நான் பிறந்த வருடம், ஏ. பி. சுப்ரமணியம் என்ற புவியியல் அறிஞர் கடவூர்ப் பாறையை ஆராய்ந்து எழுதிவிட்டார். அதே வருடம் அன்றைய சேலம் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பற்றியும் எழுதினார். இப்போது அது நாமக்கல் மாவட்டம், கரூர் தாண்டி, காவிரி தாண்டி. நிலாவின் வெள்ளைப் பாறையில் உள்ளது போலக் கால்சியம் மிகுந்த ஃபெல்ஸ்பார் கொண்டது சித்தம்பூண்டிக் கல். அப்போலோவுக்கு 13 வருடம் முந்திய வேலை இது.

அதனால்தான் இஸ்ரோவுக்கு சந்திரயான்-2 தரையிறங்குவதையும் ஊர்தி ஓடுவதையும் சோதிக்க நிலா மண் வேண்டியிருந்தபோது, சித்தம்பூண்டி, குன்னமலைக் கற்களை டன் கணக்கில் எடுத்து அரைத்தார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரும் அதில் கைகொடுத்தார்கள்.

சரி, நம் பக்கத்துக் கல்லுக்கு வயது என்ன? 1996-இல் சமாரியம்–நியோடிமியம் ஐசோடோப்புகளை வைத்துச் சித்தம்பூண்டிக்கு ஏறக்குறைய 290 கோடி ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். அந்தக் கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவர் கே. கோபாலன். அவரேதான். 1970-இல் நிலாவின் பொருளுக்கு வயது பார்த்த கை, 26 வருடம் கழித்துக் காவிரிக்கரைக் கல்லுக்கும் பார்த்திருக்கிறது. கடவூருக்கு ஜிர்கான் மணிகளில் உள்ள யுரேனியமும் ஈயமும் சொல்லும் வயது சுமார் 83 கோடி. நிலாவின் வெள்ளைக் கல்லுக்கு முன்னால் நம் கடவூர்க் கல் கொள்ளுப்பேரன்.

விக்ரம் இறங்கியதும் பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் ஓடி, 23 இடங்களில் மண்ணில் என்னென்ன தனிமம் எவ்வளவு என்று அளந்தது. அகமதாபாத் ஆய்வகத்தார் செய்த கருவி அது. முடிவு 2024 ஆகஸ்டில் 'நேச்சர்' இதழில் வந்தது. அளந்த இடமெல்லாம் ஏறக்குறைய ஒரே கலவை, இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகை. மனிதர்கள் கால் வைத்த இடங்களிலிருந்து வெகுதூரம் தள்ளி, தென்துருவப் பக்கத்திலும் அதே பாலாடை. 1970-இல் சில வெள்ளைத் துணுக்குகளை வைத்து ஜான் வுட் சொன்னதற்கு நம் ஊர்தி போய்ச் சாட்சி சொல்லியிருக்கிறது.

திருத்தம்

போன மாதம் அந்தப் பஞ்சர் கடைக்குப் போனேன். கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். பேத்தி பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்தாள். நான் முதலில், "84-ல நான் சொன்னது தப்புப்பா" என்றேன். அவர் பதறிப்போய், "சார், அதெல்லாம் எதுக்கு சார்" என்றார். "இல்லப்பா, சொல்லித்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டு, மோதலையும் ஊதுபத்தியையும் பிரியாணியையும் சொன்னேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர் ஒன்றும் கேட்கவில்லை. பேத்திதான் கேட்டாள்.

"அப்ப அந்த மோதுன கிரகம் எங்க தாத்தா போச்சு?"

ஆராய்ச்சியாளர்கள் கணினியை ஓட்டி இன்னும் முட்டிக்கொண்டிருக்கும் இடம் அதேதான். நாலாம் வகுப்புப் பிள்ளை நேராக அங்கே வந்து நின்றுவிட்டாள். அவளுடைய தாத்தாவும் 1984-இல் இப்படித்தான் நின்றிருந்தார்.

"அது இன்னும் யாருக்கும் சரியாத் தெரியல, பாப்பா" என்றேன். "பூமிக்குள்ளயும் நிலாவுக்குள்ளயும் கலந்து போயிருக்கும்னு சொல்றாங்க. எது எவ்வளவுன்னு பெரியவங்களே இன்னும் கணக்குப் போட்டுக்கிட்டு இருக்காங்க. நீ படிச்சுக் கண்டுபிடி."

அவள் யோசித்துவிட்டு, கடை ஓரத்தில் கிடந்த ஜல்லிக் கல் ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். "கல்லுக்கா பஞ்சம்?" என்று அப்பத்தா குரல் எனக்குக் காதில் கேட்டது.

1984-இல் அந்த ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில் உட்கார்ந்திருந்தவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால், பசிபிக் படத்தை அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லியிருந்தால், அவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.